வெந்த கட்டையும் காய்ந்த கட்டையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஆற்று மணலில் பாதி புதைந்து கிடக்கிற ஒரு கட்டை. மூன்று கிளை, அழகான ஒரு வளைவு, நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் போனே வந்துவிட்டது. “மாமா, சூப்பரா ஒண்ணு கெடச்சிருக்கு. கொதிக்க வச்சு மீன் டேங்க்ல போட்டா போதும்ல?” என்றான். ‘ஆமாண்டா, நல்லா ரெண்டு மணி நேரம் கொதிக்க வை’ என்பது பல வருஷமாக என் வாயில் தயாராக இருக்கும் பதில். அன்றைக்கு அது வரவில்லை. “எடுத்துட்டு வந்து நிழல்ல வை. ஒண்ணும் பண்ணாத. நான் வந்து பாக்கறேன்” என்றேன். “கட்டைய எதுக்கு மாமா பாக்கணும்? பொண்ணா அது?” என்று சிரித்தான். அவன் கேட்டது நியாயம்தான். போனில் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மீன்தொட்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வெளியில் கிடைத்த கட்டையா, கொதிக்க வை. மிதக்கிறதா, இன்னும் கொதிக்க வை. நிறம் இறங்குகிறதா, தண்ணீரை மாற்றி மறுபடி கொதிக்க வை. எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை. நானும் குறைந்தது பத்துப் பேருக்காவது இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருப்பேன். தப்பான யோசனையும் இல்லை. கொதிநீரில் புழு, நத்தை முட்டை, பாசி, பூஞ்சை எல்லாம் பெரும்பாலும் ஒழிந்துவிடும். சில பாக்டீரியாக்களின் வித்துகள் 100 டிகிரியையும் தாங்கும் என்றாலும் அப்படிப்பட்டவை காற்றிலும் தூசியிலும் எப்படியும் இருக்கின்றன. தொட்டிக்குள் வரக் கட்டையை நம்பிக் காத்திருப்பவை அல்ல. ஆனால் கட்டைக்குள் இருக்கும் பூச்சி செத்துவிட்டதா என்பது ஒரு கேள்வி, அந்தக் கட்டையே செத்துவிட்டதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு அடுப்பில் பதில் கிடையாது. இதை நான் தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

மான் கொம்பு

நான்கு வருஷம் முன்பு, பெரிய மழை ஓய்ந்த மறுவாரம், ஆற்றோரம் நடந்துகொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது. முக்கால் மீட்டர் நீளம். மான் கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்து, நுனி இரண்டும் மேல்நோக்கி வளைந்திருந்தன. வெளித்தோற்றம் நல்ல சாம்பல் நிறம். பட்டை பாதிக்கு மேல் போயிருந்தது. மிச்சத்தைப் பிடித்து இழுத்தேன். நீளநீளமாக, உள்பக்கம் ஈரமாக, சுலபமாக உரிந்து வந்தது. அங்கேயே யோசித்திருக்க வேண்டும். காய்ந்த கட்டையில் பட்டை அப்படி உரியாது. நொறுங்கும், அல்லது தானாகவே உதிர்ந்து போயிருக்கும். எனக்கோ எந்தக் கிளையில் ஜாவா பாசியைக் கட்டலாம், அனுபியாஸ் செடியை எந்தக் கவட்டையில் உட்கார வைக்கலாம் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. தூக்கினால் எதிர்பார்த்ததைவிடக் கனம். அதற்கும் ஒரு நல்ல அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டேன்: கனமான கட்டை, சீக்கிரம் மூழ்கும்.

வீட்டில் இருந்த பெரிய பாத்திரத்திலும் அது முழுசாக நுழையவில்லை. ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம், திருப்பி வைத்து மறுபக்கம் ஒன்றரை மணி நேரம். தண்ணீர் பழுப்பாகி, மேலே நுரை திரண்டு, வீடெல்லாம் பச்சை இலை வேகிற வாடை. அந்த வாடையையும் மூக்கு கவனித்தது, மண்டை கவனிக்கவில்லை. மூன்று மணி நேரம் வெந்த கட்டைக்கு மேல் என்ன வேண்டும் என்ற தைரியம். கழுவி, ஒரு தட்டைக் கல்லோடு சேர்த்துக் கட்டி, அன்று சாயங்காலமே தொட்டிக்குள் இறக்கினேன். 120 லிட்டர் தொட்டி. 14 டெட்ரா மீன்கள், அடர்த்தியாகச் செடிகள். இரவு விளக்கை அணைக்க மனசு வராமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் தண்ணீரில் லேசான மங்கல். புதுக் கட்டை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பின்பக்கக் கண்ணாடி தெரியவில்லை. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி இருந்தது. ஃபில்டர் பஞ்சை அலசிப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். நான்காம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து வந்தபோது, தொட்டியிலிருந்து ‘சப் சப்’ என்று ஒரு சின்னச் சத்தம். மேல்மட்டத்தில் டெட்ராக்கள் வரிசையாக, வாயை மேலே நீட்டி, காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. கட்டையைத் தூக்கி வெளியே போட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, பரணில் கிடந்த ஏர் பம்ப்பைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் மணி ஆறே முக்கால். மத்தியானத்துக்குள் 6 போய்விட்டன. மிச்சம் 8 பிழைத்தன.

ஏன் என்று புரிந்தது கட்டையை அறுத்துப் பார்த்தபோதுதான். ரம்பத்தால் ஒரு நுனியைக் குறுக்கே வெட்டினேன். சாம்பல் நிறம் என்பது வெறும் மேல்பூச்சு. அதற்குக் கீழே அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு இளம்பச்சை வளையம், அதற்குள்ளே வெள்ளைவெளேரென்று ஈரமான மரம். மூன்று மணி நேரம் கொதித்திருந்தும் வெட்டுவாயில் கட்டை விரலை வைத்து அழுத்தினால் பிசுபிசுத்தது. மழையில் முறிந்து சில வாரம்கூட ஆகாத கிளை அது. வெயிலும் சேறும் பட்டு மேலே மட்டும் கிழடு தட்டியிருந்தது.

உயிரோடு இருக்கும் மரத்தின் உள்பட்டையிலும், அதை ஒட்டிய வெள்ளைப் பகுதியிலும் சர்க்கரையும் மாவுச்சத்தும் நிறைய இருக்கும். கொதிக்க வைத்தால் அதில் ஒரு பங்குதான் வெளியே வரும்; மரம் சூட்டை லேசில் உள்ளே விடாது, உள்ளே இருப்பதும் அவசரமாக வெளியே வராது. மீதி எல்லாம் தொட்டிக்குள் மெதுவாக ஊறி இறங்கும். தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை பெருகப் பெருகத் தண்ணீர் வெளுக்கிறது, கூடவே கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்க முடியும். இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கின்றன. அதனால்தான் கணக்கு விடியற்காலையில் தீர்க்கப்பட்டது. அத்தனை செடி வைத்திருக்கிறோம், ஆக்சிஜனுக்கு என்ன பஞ்சம் என்று நினைத்திருந்தவனுக்கு அதுவும் ஒரு பாடம்.

இதில் கொதிக்க வைத்தது குற்றமில்லை. கொதிக்க வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் நான் வேறு எதையும் பார்க்காமல் விட்டேன். பட்டை உரிந்த விதம், கனம், வாடை என்று மூன்று முறை அந்தக் கட்டை என்னிடம் சொன்னது. மூன்று முறையும் ‘அதான் கொதிக்க வைக்கப் போகிறோமே’ என்று கடந்து போனேன்.

தட்டி, குத்தி, முகர்ந்து

அதற்கப்புறம் கட்டை பார்ப்பதையே வேறு மாதிரி செய்கிறேன். முதலில் இரண்டு விரலால் தட்டுவது. வைரம் பாய்ந்த காய்ந்த கட்டை ‘டொக்’ என்று கணீரென ஒலிக்கும். பச்சைக் கட்டை மந்தமாக ‘தொம்’ என்னும். உளுத்த கட்டைக்குச் சத்தமே கிடையாது. பஞ்சு மூட்டையைத் தட்டுவது போலிருக்கும். அப்புறம் நகம். மேல்தோலை நகத்தால் கீறினால் பச்சையோ ஈரமோ தெரியக் கூடாது. அதற்கு மேல் ஒரு ஸ்க்ரூடிரைவர். கட்டையின் நீளம் முழுக்க, முக்கியமாகப் பொந்துகளிலும் முடிச்சுகளிலும், மண்ணில் புதைந்திருந்த அடிப்பக்கத்திலும் குத்திப் பார்க்க வேண்டும். நுனி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் அந்த இடம் இற்றுப்போனது என்று அர்த்தம். கடைசியாக, ஒரு ஓரத்தை அறுத்து அந்த வெட்டுவாயை முகர்ந்து பார்ப்பேன். மண் வாசனையோ மரத்தூள் வாசனையோ வந்தால் சரி. புளித்த வாடை, பெட்ரோல் வாடை, தார் வாடை, கற்பூரம் போலக் காரமான வாடை, இதில் எது வந்தாலும் அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

என்ன மரம் என்று தெரிந்தால் நல்லதுதான். பெரும்பாலும் தெரியாது. தெரிந்த வரைக்கும் நான் தொடாதவை: பைன், தேவதாரு மாதிரிப் பிசின் மரங்கள், பால் வடிகிற மரங்கள், அரளி. யாரோ அறுத்த, ஆணி அடித்த, பெயின்ட் பட்ட பலகைத் துண்டுகள் பக்கமே போவதில்லை. மக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரங்களில் தாமிரம் இருக்கலாம், பழையவற்றில் ஆர்செனிக்கும்கூட. தாமிரம் மிகக் கொஞ்சம் கசிந்தாலே இறாலும் நத்தையும் தாங்காது. எத்தனை நாள் கொதிக்க வைத்தாலும் உலோகம் ஆவியாகிப் போகாது. கடலோரத்தில் கிடைத்த கட்டை என்றால் உப்பு ஒரு தனித் தலைவலி. வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் எண் ஏறுவது நின்ற பிறகுதான் அதைத் தொடலாம். பாதுகாக்கப்பட்ட காடு, சரணாலயம் என்றால் எடுக்கவே கூடாது, அது சட்டம். மற்ற இடத்திலும் தண்ணீருக்குள் கிடக்கும் பெரிய கட்டை ஏற்கெனவே யாருக்கோ வீடாக இருக்கும். நான் கரைக்கு மேலே, வெயிலில் கிடப்பதை மட்டும் எடுக்கிறேன்.

பிளீச்சைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் சரி. கட்டை அதை உறிஞ்சி எங்கே ஒளித்து வைத்துக்கொள்கிறது என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம்.

ஒரு கிலோ தண்ணீர்

இரண்டாவது கட்டையை இப்படிப் பார்த்துத்தான் எடுத்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சொதசொத என்றிருந்த இரண்டு இடங்களை உளியால் செதுக்கி எறிந்துவிட்டு எடை போட்டேன்: 1,840 கிராம். வாளியில் அடையாளம் வைத்து, கட்டையைக் குச்சியால் முழுக்க அமுக்கி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் 2.9 லிட்டர். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் கட்டையின் ஜாதகமே தெரிந்துவிடும். எந்த மரமானாலும் அதன் செல் சுவர் தண்ணீரைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. அதாவது மரம் என்கிற பொருள் மிதக்கவே மிதக்காது. மிதப்பது அதற்குள் இருக்கும் காற்று. கணக்குப் போட்டால், என் 2.9 லிட்டர் கட்டையில் உண்மையான மரம் 1.2 லிட்டர் சொச்சம்தான், மீதி 1.7 லிட்டர் வெற்றிடம். அதற்குள் ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீர் போனால்தான் கட்டை அடியில் உட்காரும். ஆப்பிரிக்காவின் மொபானே மாதிரி சில மரங்கள் காய்ந்த நிலையிலேயே தண்ணீரைவிடக் கனமானவை, அவற்றுக்கு இந்தக் காத்திருப்பே இல்லை. நமக்குக் கிடைப்பது அப்படியா இருக்கிறது!

ஒரு வாரம் வாளியில் ஊறியதும் 2,290 கிராம். இந்த இடத்தில்தான் கொதிக்க வைத்தேன், இரண்டு மணி நேரம். அடுப்பை அணைத்ததும் எடுத்துவிடாமல், அதே தண்ணீருக்குள் கல்லை வைத்து அமுக்கி, ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து குமிழ்குமிழாக வெளியேறும், அதன் இடத்தில் நீராவி நிறையும். ஆறும்போது நீராவி சுருங்கித் தண்ணீராகிவிட, அந்த வெற்றிடம் சுற்றியுள்ள தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மரத்துக்கு மருந்து ஏற்றுகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற உத்திதான் இது. சூடாகவே வெளியே எடுத்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக்கொள்ளும். பாதி உழைப்பு வீண். காலையில் எடை 2,560. ஒரே ராத்திரியில் 270 கிராம். கொதிக்க வைப்பதற்கு நான் இன்னும் மரியாதை வைத்திருப்பது இதற்காகத்தான்.

அப்புறம் ஆமை வேகம். நான்காவது வாரம் 2,690. ஆறாவது வாரம் 2,800. தண்ணீர் நாரின் போக்கிலேயே, முனைகள் வழியாகத்தான் வேகமாக உள்ளே போகும். பக்கவாட்டில் மிக மெதுவாக. அதனால் பழைய முனைகளை அரை அங்குலம் அறுத்துப் புது வாய் திறந்துவிட்டேன். எடை கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஊறுவது சூடு பிடித்தது. சில மரங்களின் வைரப் பகுதியில் நீர் ஓடிய குழாய்களை மரமே அடைத்து வைத்திருக்கும். அப்படிப்பட்ட கட்டை வருஷக்கணக்கில் மிதந்துகொண்டே இருந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்கு ஒரு கற்பலகையில் துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் முடுக்கி வைப்பதுதான் வழி. என்னுடையது பத்தாவது வாரம் ஒரு பக்கம் மட்டும் தரையைத் தொட்டது. மறுபக்கம் குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பதினொன்றாவது வாரம் சத்தமில்லாமல் முழுசாகப் படுத்துவிட்டது.

இந்த மூன்று மாத ஊறலுக்கு இன்னொரு பலனும் உண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை வாளித் தண்ணீரை ஊற்றும்போது பால் கலக்காத தேநீர் மாதிரி இருந்தது, போகப்போக வெளுத்தது. அது டானின், மரத்திலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள். மீனுக்குக் கெடுதல் இல்லை. அமேசானின் துணை நதியான ரியோ நீக்ரோவின் தண்ணீரே அந்த நிறம்தான், பிஹெச் 4, 5 என்று இருக்கும், கார்டினல் டெட்ரா அங்கே பிறந்து வளர்ந்த மீன். நம் தொட்டியில் பிஹெச் எவ்வளவு இறங்கும் என்பது கேஹெச்சை, அதாவது தண்ணீரில் இருக்கும் கார்பனேட் அளவைப் பொறுத்தது. கேஹெச் நல்ல அளவில் இருந்தால் நிறம் மாறுமே தவிர பிஹெச் அசையாது. நிறம் பிடிக்காதவர்கள் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்த நிறம் பிடிக்கும், விட்டுவிட்டேன்.

தொட்டியில் வைத்த ஐந்தாம் நாள் கட்டை முழுக்க வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு படலம். பழைய ஞாபகத்தில் வயிறு கலங்கியது உண்மை. ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தது, மீன்கள் கீழே மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீரே வெளுத்தால் பயப்படலாம். கட்டை மட்டும் வெளுத்தால், மிச்சம் மீதி இருக்கும் சத்தைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்று தீர்க்கின்றன, அவ்வளவுதான். நத்தைகள் அதன்மேல் ரோடு போட்டன, பாசி மேயும் குட்டிக் கெளுத்திகளான ஓட்டோக்கள் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தன, மூன்றாவது வாரம் படலம் போய்விட்டது. மரத்தைச் சுரண்டித் தின்னும் கெளுத்தி இனங்களே உண்டு, ஆனால் அவற்றால் மரத்தைச் செரிக்க முடிவதில்லை என்று 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. மரத்தோடு சேர்ந்து உள்ளே போகும் மக்கலும் நுண்ணுயிரும்தான் அவற்றுக்குச் சாப்பாடு போல.

சரி, அக்கா மகனின் கட்டைக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை அவனே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மொட்டை மாடியில் வைத்துத் தட்டினோம். மூன்று கிளையும் ‘டொக்’. நடுப் பொந்தில் ஸ்க்ரூடிரைவரை அவனையே குத்தச் சொன்னேன். கைப்பிடி வரைக்கும் இறங்கியது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “மாமா, அந்தப் பொந்துதான் அதோட அழகே.” எனக்கும் தெரியும். அது மக்கித்தான் அந்த அழகு வந்திருக்கிறது, தண்ணீருக்குள் போனால் தொடர்ந்து மக்கும். முக்கால் மணி நேரம் உளியோடு உட்கார்ந்து கெட்டியான மரம் வரும் வரை செதுக்கினோம். பொந்து ஒரு பக்கம் திறந்து வெறும் பள்ளமாகிவிட்டது. அவன் ஒன்றும் பேசாமல் தூளைக் கூட்டி அள்ளினான்.

போகிற நேரத்தில் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் எதையோ எட்டிப் பார்த்தான். மான் கொம்பு. தூக்கி எறிய மனசில்லாமல் அங்கே போட்டு வைத்தது, நாளடைவில் மறந்தே போனேன். நான்கு வருஷ வெயிலில் நீளவாக்கில் வெடித்து, காகம் எச்சமிட்டு, நான் அறுத்த நுனி கறுத்துக் கிடந்தது. அவன் அதை ஒரு கையால் தூக்கினான். விரலால் தட்டினான். நகத்தால் கீறினான். என் பக்கம் திரும்பாமலே பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கவட்டையில் இரண்டு இடம், அடியில் ஒரு இடம் குத்தினான். அப்புறம் ரம்பத்தை எடுத்து அதே நுனியில் ஒரு வில்லை அறுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். மரத்தூள் வாசனை மட்டும்தான் வந்தது.

“உள்ள போய் எடை மெஷின எடுத்துட்டு வா” என்றேன்.